பிளாசிப் போருக்கு விடை இ

பயிற்சி மையத்தின் பின்னறையில் பைண்டர் ஒருவர் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். இப்போது மையத்தை நடத்தும் அவள் கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் கதவைத் தட்டாமலே உள்ளே போய், கையிலிருந்த புத்தகத்தை அவன் மடியில் எறிந்தாள்.

"வாங்க அண்ணி. புதுப் பதிப்பு பிரமாதமா வந்திருக்குல்ல?"

"விடைப் பக்கத்தைப் பாத்தியா?"

அட்டையில் அவள் கணவரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக அவர் எழுதிய இந்திய வரலாற்று வினா விடை. ஒவ்வொரு பதிப்புக்கும் அவர் கேள்வியைப் படிப்பார், அவள் விடையைச் சொல்வாள். இருவருக்கும் ஒத்துப்போனால்தான் அச்சுக்குப் போகும். அவர் இறந்தபின் வந்த முதல் பதிப்பு இது. எதிர்த்தெரு மையத்துக்காரர்கள் பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து விற்கிறார்கள் என்று கொழுந்தன் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இருந்த அ, ஆ, இ, ஈ தெரிவுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தான். கடைசிப் பக்கத்து விடைகளை மட்டும் பழையபடியே விட்டுவிட்டான்.

"பிளாசிப் போருக்கு இன்னும் இ-ன்னு போட்டிருக்கு. இ-ல இப்ப 1857 நிக்குது."

பைண்டர் தலை நிமிராமல், "நூறு வருஷம் லேட்டா? நம்ம பஸ்ஸே தேவலாம் போலிருக்கே," என்றார்.

"உன்னை யாருய்யா கேட்டா? ஒட்டு." கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான். "பாதி வித்தாச்சு அண்ணி. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அப்ப அவர் பேரை எடு. உன் பேரைப் போட்டுக்கோ."

"என் பேருக்கு எவன் வாங்குவான்? யாராவது கேட்டா, அண்ணன் உடம்பு முடியாம போட்டதுன்னு சொல்லிக்கலாம். செத்தவரை நிக்க வெச்சா கேக்கப் போறாங்க?"

நோயிலும் மூச்சு வாங்கிக்கொண்டே ஆண்டுகளைச் சரிபார்த்த மனிதர் அவர். அவள் பக்கத்து வகுப்புக்குள் போய்க் கேட்டாள்.

"பிளாசிப் போர் நடந்த ஆண்டு?"

"இ!" வகுப்பே கத்தியது.

"ஆண்டைக் கேட்டேன்."

பக்கங்கள் புரண்டன. "1857," என்றான் ஒருவன்.

"அது சிப்பாய்க் கலகம்டா," என்றாள் முன்வரிசைப் பெண். "சார் 1757-ன்னுதானே சொன்னாரு, மேடம்?"

கொழுந்தன் வாசலில் வந்து நின்று, குரலைத் துக்கமாக்கிக்கொண்டான். "சாருக்குக் கடைசியில நெனவு தடுமாறிடுச்சும்மா. அதான் சின்னச் சின்னத் தப்பு."

அவனை அறைய எழுந்த கையை அவள் அடக்கிக்கொண்டாள்.

"தடுமாறினது அவர் இல்ல. வரிசையைக் கலைச்சது இவன். கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு ஆண்டைப் படிங்க."

பின்னறைக்குத் திரும்பி, ஒட்டாமல் கிடந்த அட்டைக் கட்டைத் தூக்கினாள். பைண்டர் பசைக்கையை உயர்த்திக்கொண்டு வழிவிட்டார்.

"வெச்சிட்டுப் போங்க! நான் அடிச்சது!"

"உள்ள இருக்கறது உன்னுது, வெச்சுக்கோ. பேரு எங்க வீட்டுக்காரரோடது."

"போலீஸ்ல சொல்லுவேன்!"

"சொல்லு. பிளாசிப் போர் என்னிக்கு நடந்ததுன்னும் அங்கேயே கேட்டுட்டு வா."

"வித்ததை எப்படிப் பிடுங்குவீங்க?" அவன் படிக்கட்டு வரை வந்து கத்தினான்.

அவள் கட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கட்டு கனத்தது. இறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.