வழி இருந்த இடத்தில்

கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். முதல் முறை, வேறு யாருக்கோ வந்ததாக இருக்குமோ என்று. இரண்டாம் முறை, 'ஏற்றுக்கொள்கிறோம்' என்பதைச் சரியாகத்தான் படித்தேனா என்று. மூன்றாம் முறைதான் அந்த வரி கண்ணில் பட்டது. "'வலி தெரியவில்லை' என்று முடித்திருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே கதையை எடுத்துக்கொண்டோம்."

நான் எழுதியது 'வழி தெரியவில்லை'.

அனுப்பும் கதைகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கதையின் தலைப்பு, அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, பதில். மாலை நேர வரைபட வகுப்புக்குப் போகிறவள் என்பதால் கட்டங்கள் மட்டும் பிசகாமல் இருக்கும். கடைசிக் கட்டத்தில் பதினோரு முறை 'இல்லை' என்று எழுதியாகிவிட்டது. பன்னிரண்டாவதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

கதை, நகலெடுக்கும் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அந்தக் கடையில் இருக்கும் ஒரே நாற்காலி முதலாளிக்கு. ஒருநாள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். வெளியே வந்து தெருவில் நிற்கிறாள், வழி தெரியவில்லை. இதைத் தட்டச்சு செய்து கொடுத்தவர், அப்படியொரு கடையில் அப்படியே நின்று வேலை பார்க்கும் என் அண்ணி. யாரைப் பற்றிய கதை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அனுப்பக் கடைசி நாள் என்பதால் சரிபார்க்கவும் இல்லை.

பத்திரிகை ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னால் கதை திரும்பி வரலாம். சொல்லாவிட்டால், அச்சில் வரும் என் முதல் கதையில் நல்ல சொல் மட்டும் என்னுடையதாக இருக்காது. ஒரு தட்டச்சுப் பிழை எழுதிய அளவுக்குக்கூட எனக்கு எழுத வரவில்லை.

அண்ணி வேலை முடிந்து வந்து, வெந்நீர் வாளியில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தோடு வந்த அச்சுப்படியை நீட்டிக் கடைசி வரியைக் காட்டினேன்.

"தப்பா அடிச்சுட்டீங்க போல, அண்ணி."

"பன்னெண்டு வருஷமா அடிக்கிறேன். ழ எங்க இருக்குன்னு என் வெரலுக்கே தெரியும்."

குனிந்து அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

"கடைய விட்டு வெளிய வந்தா வழியெல்லாம் நல்லாத்தான் தெரியும், எழுத்தாளரம்மா. வேலையே போனாலும் பஸ் ஸ்டாப்புக்குத் தானா நடந்துருவோம். கால் இருக்கறதுதான் தெரியாது."

"மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"எழுதுறதுக்கு முன்னாடி நீ என்கிட்ட கேட்டியா?" கோபமாகச் சொல்லவில்லை. காகிதம் நனையாமல் திருப்பிக் கொடுத்தார். "ஒன் கத. வேணாம்னா மாத்திக்க. ஒரு எழுத்துதானே."

திருத்தம் இருந்தால் மறுநாளே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பென்சிலை 'லி'யின் மேல் வைத்தேன். அதற்குள் அண்ணி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு துண்டு கேட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நானே துடைத்துவிட்டேன். கணுக்காலில் மெல்ல அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"எங்க?" என்றார்.

கையை எடுத்த பிறகும், விரல் பதிந்த குழி மேலெழாமல் அப்படியே இருந்தது.