மூச்சுக் கிளினிக்கின் பூனை

அந்த நெஞ்சுநோய் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நிம்மதியாக மூச்சுவிட்ட ஜீவன் ஒன்றே ஒன்றுதான். டாக்டர் மனைவியின் வெள்ளைப் பூனை.

மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஒன்றரை ஆள் இடம் அதற்கு. தரையில் கால் புதையும் கம்பளம். மூலையில், கால் மணிக்கு ஒருமுறை புஸ்ஸென்று ரோஜா வாசனையைத் துப்பும் மெஷின். சுவரில் டாக்டரே எழுதி அச்சடித்து மாட்டிய அறிவிப்பு: 'ஆஸ்துமாவைத் தூண்டுபவை – தூசி, கம்பளம், வளர்ப்புப் பிராணிகள், வாசனை ஸ்பிரே.' பூனை அதற்கு நேர் கீழே படுத்து உடம்பை நக்கிக்கொண்டிருக்கும்.

ரிசப்ஷனில் இருந்தவளுக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. ஆறு மாத சோதனைக் காலத்தில் இன்னும் மூன்று வாரம் பாக்கி. அப்பா ஊரார் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அம்மா ஊரார் பாத்திரத்தைத் தேய்க்கிறவள். அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக ஒருத்தி பட்டம் வாங்கி, சுழல்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அதை உதறிவிட்டு வர முடியுமா?

போதாக்குறைக்கு அவளுக்கும் ஆஸ்துமா. இன்டர்வியூவில் டாக்டர் மனைவியான மேடம், "உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது, "கல்லு மாதிரி இருக்கேன் மேடம்" என்று புளுகிவிட்டாள். தினமும் எடுக்கவேண்டிய மருந்தை வீட்டிலேயே இழுத்துவிட்டு வருவாள். பதினோரு மணிக்கெல்லாம் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், நெஞ்சு விசிலடிக்கும். கழிவறைக்கு ஓடிப்போய் நீல இன்ஹேலரை இழுப்பாள். "அடிக்கடி போறியே, சுகரா?" என்பாள் மேடம், பூனையைத் தடவிக்கொண்டே.

டாக்டர் கெட்டவரில்லை. எரிச்சலே அதுதான். நோயாளியிடம் அவ்வளவு அழகாகச் சொல்வார்: "மூக்கும் நுரையீரலும் ஒரே வீடு. மாடியில அலர்ஜி வந்து ரகளை பண்ணினா கீழ் போர்ஷன்ல மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிடும். எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிச்சு ஒதுங்கணும். தினசரி மருந்து வீக்கத்தைத் தடுக்கும், அதை விடவே கூடாது. நீலம் அவசரத்துக்குத்தான்." சொல்லி முடித்துக் கதவைத் திறந்தால், எதிரே பூனை.

அங்கே ஒரு நடைமுறை இருந்தது. வந்தவர் பெயரைப் பதிந்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு உள்ளறையில் நர்ஸ் ஊதுகுழாயைக் கொடுப்பாள். முழு மூச்சோடு ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். எண் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்; அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கூட்டுவார். குறைத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை உள்ளறைப் பூட்டு மக்கர் பண்ணியது. நர்ஸ் குழாயைக் கொண்டுவந்து ரிசப்ஷன் மேஜையில் வைத்தாள். "வரும்போதே ஊதச் சொல்லி நீயே எழுதிடு."

முதலில் வந்தவர் பஸ் டிரைவர். மூன்று முறை வந்து, மூன்று முறையும் டோஸ் ஏறியவர். வாசலில் நின்றபடியே ஊதினார். நானூற்று முப்பது.

"என்ன தங்கச்சி, போன மாசம் முந்நூறையே தாண்டலையே!"

அன்று வந்த பதினோரு பேருக்கும் எண் ஏறியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய டாக்டர் முகத்தைச் சுளித்தார். "எல்லாருக்கும் ஒரே நாள்ல எப்படிச் சரியாகும்? குழாய் கெட்டுப்போச்சு." புதுக் குழாய் வந்தது. அதுவரை சோபாவில், பூனை வால் தொடையில் உரச உட்கார்ந்திருந்த டிரைவர் மறுபடி ஊதினார். முந்நூற்றுப் பத்து.

"பாத்தியா, இப்பதான் கரெக்டா காட்டுது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அவள் இரண்டு பத்தியாக எழுதத் தொடங்கினாள். வாசலில் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. பழைய குழாய், புதுக் குழாய் இரண்டிலும் ஊதச் சொன்னாள். யாரும் கேட்காதபோது தானும் ஊதினாள்.

இரண்டு வாரம் கழித்து டிரைவர் திரும்ப வந்தார். "மாத்திரையும் சேத்துத் தரப்போறாராம். டெப்போவுல தெரிஞ்சா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. அலர்ஜி டெஸ்டுன்னு தோல்ல குத்திப் பாத்தாங்களே, பூனை மருந்து வச்ச இடம்தான் வீங்குச்சு. வீட்ல பூனை இருக்கா இருக்கான்னு டாக்டரும் மூணு தடவை கேட்டுட்டாரு. எங்க தெருவுலயே பூனை கிடையாது தங்கச்சி!"

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. டாக்டர் வெளியே வந்ததும் காகிதத்தை நீட்டினாள்.

"இது வாசல்ல ஊதினது. இது உள்ள உக்காந்தப்புறம். எந்தக் குழாயா இருந்தாலும் இதே கதைதான் சார்."

"நீ என்ன படிச்சே?"

"பி.ஏ. வரலாறு."

"வரலாறு படிச்சவ எனக்கு நுரையீரல் சொல்லித் தர்றே?"

"கழித்தல் கணக்கு தெரியும் சார். வாசல்ல நல்லா இருக்கறவரு உள்ள வந்துதான் சீக்காளி ஆகுறாரு. நாம மருந்து குடுக்குறது இவருக்கில்ல, நம்ம சோபாவுக்கு."

சத்தம் கேட்டு வந்த மேடம் பூனையை வாரி எடுத்துக்கொண்டாள். "என் பிள்ளையையா சொல்றே? வாரம் ரெண்டு தடவை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுறேன். உங்க வீட்ல எத்தனை பேர் அப்படிக் குளிக்கிறாங்க?"

"எங்க வீட்ல யாரும் ஊரார் மடியில உக்காந்து உடம்பை நக்கிக்கறதில்ல மேடம்."

டிரைவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

"இவங்க எல்லாம் பேஷன்ட்ஸ். எண் ஏறும், இறங்கும்" என்றார் டாக்டர்.

"கடைசி வரிசையைப் பாருங்க சார். அது நான்."

டாக்டர் பார்த்தார். "மறைச்சிருக்கே! ஆஸ்துமாக்காரியை ஆஸ்துமா கிளினிக் முன்னால உக்கார வச்சா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"இங்க வேலை பாத்தா மோசமாகும்னு நினைப்பாங்க. சரியாத்தான் நினைப்பாங்க."

"நாளைலேருந்து வர வேணாம்."

அப்பாவிடம் என்ன சொல்வது? கைப்பையை எடுத்தாள். அதற்குள் டிரைவர் எழுந்துவிட்டார். "டாக்டர், நான் வெளியவே நிக்கிறேன். என் முறை வந்தா கூப்பிடுங்க." அவருக்குப் பின்னால் ஓர் ஆசிரியை, கைக்குழந்தைக்காரி, சமையல்காரர் என்று ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மொத்த அறையும் பூனைக்கே மிஞ்சியது.

போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏங்க, ஸ்ட்ரைக் மாதிரி இருக்கே" என்று மேடம் கிசுகிசுத்தாள். அரைமணி நேரம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலேயே நின்ற டாக்டர், கடைசியில் குழாயோடு படியிறங்கி வந்து, டிரைவரைத் தன் கண் முன்னாலேயே ஊதச் சொன்னார். முள் நானூறைத் தாண்டியது. இன்னொரு முறை ஊதச் சொன்னார். அப்போதும் தாண்டியது. டாக்டர் டிரைவரைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அவருக்கென்று எழுதி வைத்திருந்த மாத்திரைச் சீட்டைக் கிழித்தார். "தினசரி மருந்து மட்டும் போதும். விடாம எடுங்க." பிறகு அவளிடம், "சரி, நாளைக்கு வா" என்றார்.

அடுத்த வாரம் வாசலில் பந்தல், பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, புதுப் பலகை: 'திறந்தவெளிக் காத்திருப்பு முறை – எங்கள் டாக்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு.' அவள் மேஜையும் பந்தலுக்கு வந்துவிட்டது. உள்ளே கம்பளம், ரோஜா மெஷின், சோபா எல்லாம் பூனையின் அனுபவத்தில்.

சோதனைக் காலம் முடிந்த அன்று மேடம் வேலை உறுதிக் கடிதத்தை நீட்டினாள். "உன்னை மன்னிச்சிருக்கோம், ஞாபகம் வச்சுக்கோ."

அவள் நின்றபடியே வரி வரியாகப் படித்தாள். நான்காவது நிபந்தனை: 'கண்டுபிடிப்பு யாருடையது என்பது பற்றி நோயாளிகளிடம் பேசக்கூடாது.' பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"என்னடி கிறுக்கியிருக்கே?"

"அது ஒண்ணு மட்டும் வேணாம் மேடம். மத்ததெல்லாம் சம்மதம்."