கறுப்புத் துணியில் விழுந்தது

செல்லத்தாயின் கைக்குத் தனியாகக் கண் இருந்தது. பதினோரு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாள். ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அவள் பார்ப்பதற்கு முன்பே கையிலிருக்கும் நூல் வெட்டும் டிரிம்மர் அதைக் கத்தரித்துவிடும். முழங்கையில் வெள்ளை வெள்ளையாகச் செதில் கிளம்பியபோதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து டிரிம்மரால் செதிலை நறுக்கினாள். புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்தது. பத்துப் பதினைந்து நாளில், கத்தி பட்ட இடத்திலெல்லாம் புதிதாகத் தடித்தது. அதையும் நறுக்கினாள். முழங்கையில் தொடங்கியது மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளைத் துணி ஓடிய வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. சித்திரையில் கறுப்பு டீ-சர்ட் ஆர்டர் வந்தது. அவள் மடித்த துணியில் செதில் தவிடு தூவியதுபோல் கிடந்தது.

எதிரே நிற்கும் மருதாள் தண்ணீர் டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா, எங்கூட்டுல சின்னப்புள்ள இருக்குதுங்க."

சூப்பர்வைசர் ஜெயபாண்டி தென்காசிப் பக்கம், அவளுடைய ஊர்க்காரன்தான். அவனும் சொல்லிவிட்டான். "ஒட்டாதுன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்கக்கா. இல்லன்னா திங்கக்கெழமையோட நின்னுக்கோங்க."

ஒரு ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு ஞாயிறு இப்படிச் செதில் உதிரும் சொரியாசிஸ்காரர்களுக்குக் கூட்டம் நடக்கும். கடிதத்துக்காகப் போனாள். நர்ஸ் நித்யஸ்ரீ அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்னக்கா கோடு கோடா?"

"டிரிம்மர் போட்டேன்."

பக்கத்து நாற்காலிக் கிழவர் சிரித்துவிட்டார். "ஏனுங்கம்மிணி, தோலையும் எக்ஸ்போர்ட் பண்ற ரோசனையா?"

நித்யஸ்ரீ சிரிக்கவில்லை. "இந்த நோய்ல நெறையப் பேருக்குக் காயம்பட்ட எடத்துலயே புதுசா வருமுங்க. முழங்கையில இருக்கறது தானா வந்தது. அதுக்குக் கீழ இருக்கறது நீங்களா வெட்டி வரவெச்சதுங்க."

செல்லத்தாய்க்கு அழுகை வரவில்லை. தன் கைமேல்தான் கோபம் வந்தது.

நித்யஸ்ரீ எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். தொட்டால் ஒட்டாது. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். களிம்பைப் பாதியில் விடக்கூடாது. கடைசியாக, "இங்க யாரைப் பாத்தோம்னு வெளிய பேசக்கூடாதுங்க" என்றாள். அப்போதுதான் செல்லத்தாய் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு அவளுடைய முதலாளி லிங்கசாமி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை ஜெயபாண்டியிடம் கொடுத்தாள். மருதாள் நம்பவில்லை. "காயிதத்துல என்ன வேணா எழுதுவாங்கக்கா." ஜெயபாண்டி முதலாளியைக் கூப்பிட்டான். லிங்கசாமி வந்து, நாலு வரிக் கடிதத்தை நெடுநேரம் படித்தார்.

"வெள்ளைத் துணி மேசைக்கு மாத்திருங்க. அங்க தெரியாது."

வேலை தப்பியது. அதோடு செல்லத்தாய் விட்டிருக்கலாம்.

"மொதலாளி, ஒட்டாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒட்டாதுங்க."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் மருதாள், வெள்ளந்தியாக.

"படிச்சேன்." சட்டைக்கையின் பொத்தானைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

முதலாளி வாக்குக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. மருதாள் ஒரு வாரத்தில் டம்ளரைப் பொதுவில் வைத்தாள். செல்லத்தாய் வெட்டுவதை நிறுத்தினாள். மணிக்கட்டுப் பக்கம் தோல் மெல்லத் தணிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு லிங்கசாமி வரவில்லை. கடைசி வரிசை நாற்காலியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் அவள் கேட்டது அவர் காதில் மிரட்டலாக விழுந்திருக்கிறது. 'சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்' என்று.

மறுநாள் அவருடைய அறைக்குப் போய் வாசலிலேயே நின்றாள்.

"மொதலாளி, ஒங்களப் பாத்தத யார்ட்டயும் சொல்லல. சாவுறவரைக்கும் சொல்லமாட்டேன். எனக்காக நீங்க மருந்த விட்டுராதீங்க. நான் வேணும்னா வேற ஆஸ்பத்திரி பாத்துக்கிடுதேன்."

லிங்கசாமி கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா."

சாத்திவிட்டுப் போனாள்.