இடப்பக்கத்துச் செய்திகள்

செத்தவர் எழுதிய கடிதம் ஒன்றின் விலை ஆயிரத்து இருநூறு. கண்ணாடி போட்டுக் கொடுத்தால் ஆயிரத்தைந்நூறு. பேரத்துக்கு இடம் உண்டு. செத்தவர்கள் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

பழைய காகிதம் விற்கும் அந்தக் கடைக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் 'கத்தரி' என்று பெயர். முழுசாக விற்றால் ஒரு விலை, ஏடு ஏடாகப் பிரித்து விற்றால் பத்து விலை என்று கண்டுகொண்ட மனிதர். வீடு காலி செய்தவர்களிடம் எடைக்கு வாங்கிய ஒரு மூட்டையில் ஒட்டு நோட்டு ஒன்று வந்து சேர்ந்தது. நூற்று நாற்பது வருடத்துக்கு முன், ஆவிகளோடு பேசும் சங்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்த காலத்து நோட்டு. யாரோ ஒரு வீட்டுக்காரம்மா செவ்வாய்தோறும் கூட்டத்துக்குப் போய்வந்து, நுழைவுச் சீட்டு, அழைப்பிதழ் என்று கிடைத்ததையெல்லாம் பசை தடவி ஒட்டியிருந்தாள். வலப்பக்கங்களில், ஆவி தன்மேல் இறங்கியதாகச் சொல்லி மீடியம் அம்மாள் எழுதித்தந்த இருபத்திரண்டு கடிதங்கள். இடப்பக்கங்களில், செய்தித்தாளிலிருந்து வெட்டிய மரண அறிவிப்புகள்.

தேதிகளைப் பார்த்ததும் கத்தரிக்குச் சூட்சுமம் பிடிபட்டது. சனிக்கிழமை அறிவிப்பு, செவ்வாய்க்கிழமை ஆவி. ஆற்றில் மூழ்கிய பையனுக்கு ஆறு வயது என்று பேப்பர் தப்பாகப் போட்டது. ஆவியும் "ஆறு வயசுப் பிள்ளை வந்திருக்கேன், அம்மா" என்றது. அடுத்த வாரம் பேப்பர் எட்டு வயது என்று திருத்தியது. அந்தத் திருத்தத்தையும் கீழேயே ஒட்டியிருந்தாள். திட்டி ஒரு வரி எழுதவில்லை. ஒட்டியே மீடியத்தின் மானத்தை வாங்கிவிட்டாள்.

"கெட்டிக்காரிம்மா நீ" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கணக்குப் போட்டார். குட்டு உடைந்த நோட்டுக்கு நூலகம் தரும் விலை மூவாயிரம். குட்டு உடையாத ஆவிகள் இருபத்திரண்டுக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். கத்தரியை எடுத்தார். ஓரம் வெட்டி உரித்தெடுத்த வலப்பக்கத்துக் கடிதங்கள் கண்ணாடிக்குள் போயின. இடப்பக்கத்து அறிவிப்புகள் கழிவுக் கோணியில் விழுந்து, மாதக் கடைசியில் காகித ஆலைக்குப் போய்க் கூழாயின.

கத்தரியின் அக்கா ஒருநாள் மதியம் கடைக்கு வந்தாள். தையல்காரி. ஒரே மகனை இரண்டு வருடத்துக்கு முன் சாலை விபத்தில் பறிகொடுத்தவள். சுவரில் மாட்டியிருந்த கடிதம் ஒன்றின் முன் நின்றுவிட்டாள். 'அம்மா, எனக்கு இங்கே வலியில்லை.'

"டேய் தம்பி, இது நிஜமாடா?"

கல்லாவுக்கு எதிரே பல் டாக்டர் ஒருவர் இன்னொரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பர்ஸிலிருந்து ரூபாய் நோட்டைப் பாதி வெளியே இழுத்திருந்தார். அந்தப் பாதி நோட்டு உள்ளே போய்விடக் கூடாது.

"பின்னே? இதை எழுதின மீடியம் அம்மா வாயில செத்தவங்கதான் பேசினாங்க. பெரிய பெரிய ஆளெல்லாம் சோதிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டாங்கக்கா."

பல் டாக்டர் தொள்ளாயிரத்தைம்பதுக்குப் பேசி முடித்துக்கொண்டு போனார். அக்கா சுவரிலிருந்த கடிதத்தைக் கேட்டாள். காசு வாங்காமலே கொடுத்தார்; அப்போது அது பெருந்தன்மையாகக்கூடத் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள். "புள்ள பேசுறான்டா! ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு அம்மா இருக்காங்க. செவ்வாக்கிழமைதோறும் போறேன், ஒரு தடவைக்கு ஐந்நூறு. வருஷத்துக்கு மொத்தமா கட்டினா குறைச்சுத் தருவாங்களாம். மெஷினை வித்துடலாம்னு இருக்கேன்."

கத்தரி அவளை உட்காரவைத்தார். வாடிக்கையாளர் வந்தால் வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். சனிக்கிழமையைச் சொன்னார், செவ்வாயைச் சொன்னார், ஆறு வயது எட்டான கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லத்தான் உறைத்தது, காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்று.

"காட்ட எதுவும் இல்லக்கா. எல்லாம் கூழாயிடுச்சு. என்னை நம்பு."

அக்கா அவரையே பார்த்தாள். "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னே?"

"பல் டாக்டர் நின்னுக்கிட்டிருந்தாரு."

"எவ்வளவுக்கு எடுத்தாரு?"

"தொள்ளாயிரத்தம்பது."

"ஆயிரம்கூட இல்லையா?" சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்து போயிற்று. "நம்புறேன்டா. காசுக்காக நீ பொய் சொல்லியிருப்பேன்னு நம்ப எனக்குச் சாட்சி எதுக்கு?"

அதைவிட, அவள் நம்பாமல் சண்டை போட்டிருக்கலாம்.

வாசல்வரை போனவள் திரும்பாமலே கேட்டாள்: "சரி, இனிமே செவ்வாக்கிழமை நான் எங்கடா போவேன்?"

கத்தரி சுவரைக் காலி செய்தார். விற்றவற்றைத் தேடி அலைந்தார். சிலர் இரட்டை விலை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. பல் டாக்டர், "மிசஸ் தினமும் படிக்கிறாங்க, விட்டுடுங்க" என்று போனை வைத்தார். கிடைத்ததைப் புது நோட்டில் வலப்பக்கமாக ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் அந்தந்த மரண அறிவிப்பை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தார்.

மொத்தக் கடிதங்கள் இருபத்திரண்டு. கைக்கு வந்தவை பதினைந்து. நினைவுக்கு வந்த அறிவிப்புகள் நான்கு. அக்கா அந்த அம்மாவிடம் கட்டியது ஆயிரத்தைந்நூறு. உறையில் போட்டு நீட்டினார், அவள் வாங்கவில்லை. அது பாக்கி.