கை எட்டிய உயரம்

டேப்பின் நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்தபடி றொஹான் மறுமுனையை அறை நடுவில் நின்ற மேடையின் விளிம்பு வரை இழுத்தான். நான்கடிக்குச் சற்றுக் கூட. எதிர்ச்சுவர்ப் பக்கம் போய் அங்கும் அளந்தான். அங்கே அதைவிடக் குறைவு. இந்த அறையின் அளவுகள் அவனுக்கு மனப்பாடம். மேடையை வரைந்தவனும் பொருத்தியவனும் அவன்தான். இருந்தும் திரும்ப ஒருமுறை அளந்தான். டேப் கையில் இருக்கும் வரைக்கும் யாரும் அவனோடு கதைக்க மாட்டார்கள்.

வாசலில் நின்ற மலர்ச்சாலை ஆள், "மெதன இட மதி, மாத்தயா," என்றான். இடம் போதாதுதான். சவப்பெட்டியை வைத்தால் மட்டும் போதுமா? பார்க்க வருகிறவர்கள் அதைச் சுற்றி நடக்க வேண்டும். தலைமாட்டில் சிலுவையும் மெழுகுதிரிகளும் நிற்க வேண்டும்.

நேற்று விடியற்காலை றொஹானின் பெண்சாதி டில்ஷானி இறந்துபோனாள். உடல் மலர்ச்சாலையில் இருந்தது. பின்னேரத்துக்குள் ஆயத்தமாகிவிடும், வீட்டுக்குக் கொண்டுவருவதா, தங்களுடைய மண்டபத்திலேயே வைப்பதா என்று மட்டும் சொன்னால் போதும் என்றான் அந்த ஆள்.

"வீட்டுக்கு," என்றார் டோரின்.

டில்ஷானியின் தாய். நேற்று வத்தளையிலிருந்து வந்து சோபாச் செட்டியில் உட்கார்ந்தவர் இன்னும் சரியாக எழும்பவில்லை. கையில் செபமாலை இருந்தது. அதை உருட்டாமல் வெறுமனே பிடித்திருந்தார்.

"இடம் காணாது மம்மி," என்றான் றொஹான்.

"இத எடுத்தா இடம் வரும்தானே."

"அப்பிடியே எடுக்க ஏலாது. கழட்டத்தான் வேணும்."

"அப்ப கழட்டுங்க."

றொஹான் டேப்பைச் சுருள விட்டான். அது சட்டென்று உள்ளே ஓடி விரலில் அடித்தது.

"மண்டபத்திலயே வைப்பம் மம்மி. பெரிய ஹோல். ஏசி இருக்கு. ஆக்களுக்கும் வந்து போக லேசி."

"ஏசி," என்று டோரின் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். பிறகு மகனைப் பார்த்தார். "கேட்டியா ஸ்ரனி? உன்ட தங்கச்சிக்கு ஏசி வேணுமாம்."

ஸ்ரனிஸ்லாஸ் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். காலையிலிருந்து மரண அறிவித்தலுக்கும் மாதம்பிட்டிச் சேமக்காலைக் குழிக்கும் ஃபாதருக்கும் என்று கதைத்துக் கதைத்துத் தொண்டை அடைத்திருந்தது.

"மச்சான், ஒரு ராத்திரிதானே," என்றான். "வீட்டிலயிருந்து தூக்கினாத்தான் மம்மிக்கும் ஒரு ஆறுதல். இந்தச் சாமான ரெண்டு பேரும் சேர்ந்து கழட்டினா அரை மணித்தியாலம்."

'இந்தச் சாமான்' அறையின் நடுவில் நின்றது. முழங்காலுக்கும் கீழே பதிந்த ஒரு வட்ட மேடை. அதைச் சுற்றி மடி உயரத்தில் ஒரு ஒடுக்கமான பலகைத் தட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி விட்டு. மேடையின் நடுக்குழியில் ஒரு பிளாஸ்டிக் நத்தார் மரம், கிறிஸ்மஸ் ட்ரீ. நவம்பர் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. கொட்டாஞ்சேனையில் வேறு எந்த வீட்டிலும் மரம் ஏறியிருக்காது.

டோரினுக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. மருமகனுடைய தொழிலே அதுதான். ஹோட்டல்களுக்கும் புடவைக்கடைகளுக்கும் நத்தார் சோடினைக்கான தளபாடம் வரைந்து கொடுக்கிற கம்பனி: மரம் நிறுத்தும் மேடைகள், படிப்படியான தட்டுகள், சோடிப்பவர் ஏறி நிற்கும் சின்ன ஏணிகள். ஓகஸ்ட் பிறந்தால் வீடு முழுக்கச் சாம்பிள்கள். போன வருஷம் ஒரு ஏணித் தட்டில் கால் அடிபட்டு, "உன்ட புருஷன்ட கந்தோர் இதுக்குள்ளயா நடக்குது?" என்று டோரின் சத்தம் போட்டார். டில்ஷானி விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கட வீட்டுக்கு மட்டும் யேசு பாலன் ஓகஸ்ட்ல பிறக்கிறார் மம்மி."

இதுவும் எங்கேயோ போகவேண்டிய சாம்பிள் என்றுதான் டோரின் நினைத்திருந்தார். ஞாயிறுகளில் வரும்போது அதைச் சுற்றி நடந்து படுக்கையறைக்குப் போவார். ஒரு நாளும் ஏனென்று கேட்டதில்லை.

சாம்பிள் இல்லை. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொன்ன அன்றைக்கு, த்ரீவீலில் வரும்போதே டில்ஷானி கேட்டாள்.

"இந்த முறையும் மரத்த நான்தான் சோடிப்பன்."

"ஏணியில ஏற ஏலாதே."

"அப்ப மரத்தக் கீழ இறக்குங்க. பெரிய டிசைனர்தானே."

அவன் இறக்கினான். வீல் செயார் நுழைவதற்கு அந்த இடைவெளி. மடி உயரத்தில் சாமான் பரப்ப அந்தத் தட்டு. கீழே பெயாரிங். ஒரு விரலால் தள்ளினால் மரம் முழுவதும் சத்தமில்லாமல் சுற்றும். காலால் மிதிக்க ஒரு பிரேக். களனியில் இருக்கிற வேர்க்ஷொப்பில் துண்டு துண்டாகச் செய்வித்து, இந்த அறைக்குள் வைத்துத்தான் பொருத்தினான். பொருத்திய பிறகு அது எந்தக் கதவாலும் வெளியே போகாது. கிளைகளைக் கழற்றாமல் மரமும் போகாது. அதையெல்லாம் அவன் அப்போது யோசிக்கவில்லை. வெளியே போகவேண்டிய சாமானாக அவன் அதை வரையவில்லை.

பின்னேரங்களில் வேலையால் வந்ததும் அவளைத் தூக்கி வீல் செயாரில் வைப்பான். அவள் இடைவெளிக்குள் வருவாள். அவன் மரத்தைச் சுற்றுவான். "நில்லுங்க," என்பாள். தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துக் கிளையில் கொளுவுவாள். பிறகு நெடுநேரம் மூச்சு வாங்குவாள். சில நாளில் இரண்டு, சில நாளில் ஒன்றும் இல்லை. வலது கை வீங்கிய பிறகு இடது கையால் கொளுவினாள். கை எட்டுகிற உயரம் கிழமைக்குக் கிழமை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சுற்ற வேண்டாம் என்றுவிட்டாள். முன்னால் இருந்த கிளையிலேயே ஒன்றின் மேல் ஒன்றாகக் கொளுவினாள். கிளை தாழ்ந்து தட்டில் முட்டியது. மரத்தின் மேற்பாதி வெறும் பச்சை. பின்பக்கமும் வெறும் பச்சை.

இதை எப்படிச் சொல்வது? என் பெண்சாதியின் உடலைவிட இந்த மரம் இங்கே இருக்கட்டும் என்று ஒரு தாயிடம் எந்த வாயால் சொல்வது?

"என்ன மகன் யோசிக்கிறீங்க?" என்றார் டோரின். "ஹோட்டல்காரன் திட்டுவானோ?"

"அப்பிடி இல்ல மம்மி."

"பின்ன என்ன? சாம்பிளுக்கு இந்த வீட்டில இடம் இருக்கு. என்ட பிள்ளைக்கு இடமில்ல."

ஸ்ரனிஸ்லாஸ் நிலத்தைப் பார்த்தான்.

கீழ்வீட்டு றலியா பிளாஸ்கில் தேத்தண்ணீரோடு படியேறி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. கப்புகளைத் தட்டில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, எங்கட ஊட்டு ஹோலுக்கு எடுங்களே. எங்கட செட்டியெல்லாம் தள்ளி வச்சிட்டா நல்ல இடம். படி ஏத்துற கரைச்சலும் இல்ல."

றொஹான் நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக ஒருவருடைய முகத்தை நேராகப் பார்த்தான். அந்த ஒரு நொடி எல்லாம் சரிவரும் போலிருந்தது.

"உங்கட நல்ல மனசு மகள்," என்றார் டோரின். "ஆனா அவளுக்கெண்டு ஒரு வீடு இருக்கு. சொந்த வீட்டுக்கு மேல ஏற விடாம, கீழ ஆரோ ஆக்கள்ட வீட்டில கிடத்தினா நாளைக்கு ஆக்கள் என்ன கேப்பாங்க?"

றலியா தேத்தண்ணீரை ஊற்றினாள். மலர்ச்சாலை ஆள் ஒரு கப்பை எடுத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரி," என்றான் றொஹான். "கழட்டுறன்." அந்த ஆளிடம் திரும்பி, "கெதர கேன்ன," என்றான். வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

மலர்ச்சாலை ஆள் போனான். றலியாவும் இறங்கிப் போனாள். ஸ்ரனிஸ்லாஸ் சேர்ட் கையை மடித்துக்கொண்டான்.

றொஹான் கைப்பேசியை எடுத்து மரத்துக்கு முன்னால் பிடித்தான். திரையில் ஒரு பச்சை இருட்டும், அங்கங்கே சில மினுக்கமும் தெரிந்தன. அந்தக் கிளை தாழ்ந்திருந்தது படத்தில் விழவில்லை. எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பேசியைப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

அதற்குள் ஸ்ரனிஸ்லாஸ் தொடங்கியிருந்தான். இரண்டு கையாலும் உருண்டைகளைக் கொத்தாகப் பிடுங்கி ஒரு சொப்பிங் பேக்குக்குள் போட்டான்.

"மச்சான், நான் எடுக்கிறன்," என்றான் றொஹான்.

"ரெண்டு பேர் எடுத்தா கெதியா முடியும். நீ கீழ ஆணியக் கழட்டு."

'விடு' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் றொஹான் ஸ்குறூட்றைவரை எடுத்துக்கொண்டு குனிந்தான். முதல் ஆணி லேசாகவே வந்தது. நல்ல வேலை. தலைக்கு மேல் பிளாஸ்டிக் கிளைகள் சரசரக்கும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் ஸ்ரனிஸ்லாஸின் கையைப் பிடித்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். பார்க்கவில்லை. அடுத்த ஆணிக்குப் போனான்.

ஏதோ ஒன்று உருண்டு டோரினின் காலடிக்குப் போனது. அவர் குனிந்து எடுத்தார்.

"இது டில்ஷாட கொண்டைக் கிளிப்."

அவர் எழும்பி வந்தார். பையைக் கிண்டிப் பார்த்தார். மருந்துக் குளிசை வந்த வெள்ளி மட்டை ஒன்று, நட்சத்திரம் போல வெட்டி நூல் கட்டியிருந்தது. இன்னொன்றும் அப்படியே. பிறகு ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிடுகிற பிளாஸ்டிக் பட்டி. அதில் அவளுடைய பெயரும் வயதும் வார்ட் இலக்கமும் இருந்தன. முப்பத்தொன்று.

"இதெல்லாம் ஆர் மரத்தில கொளுவினது?"

றொஹான் குந்தியபடியே இருந்தான். "அவ."

"எப்ப?"

"வந்த நாளிலயிருந்து."

"அவளால எழும்ப ஏலாதே."

றொஹான் பிரேக்கை விட்டு ஒரு விரலால் மேடையைத் தள்ளினான். மரம் சுற்றியது. ஏறக்குறைய வெறுமையாகிவிட்ட கிளைகள் ஒவ்வொன்றாக அந்த இடைவெளிக்கு முன்னால் வந்து போயின. டோரின் இடைவெளியைப் பார்த்தார். மூலையில் மடித்துச் சாத்தியிருந்த வீல் செயாரைப் பார்த்தார்.

"ஏன் மகன் சொல்லேல்ல?"

"உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டவ. எழும்பி இருக்கிறது தெரிஞ்சா சத்தம் போடுவீங்களெண்டு."

டோரின் கொஞ்ச நேரம் அந்தக் கிளிப்பைத் திறந்து மூடினார்.

"ஓம்," என்றார். "போட்டிருப்பன்தான்."

பிறகு மகனிடம் திரும்பினார். "ஸ்ரனி, விடு. அவங்களுக்கு கோல் எடு. அங்கயே வைக்கட்டும்."

"மம்மி, இப்பத்தானே வீட்டுக்கெண்டு சொல்லி அனுப்பினது. ஒரு முடிவா—"

"எடு எண்டுறன்."

ஸ்ரனிஸ்லாஸ் கையிலிருந்த கடைசிக் கொத்தைப் பையில் போட்டுவிட்டு பல்கனிக்குப் போனான். மரத்தில் ஒன்றும் இல்லை. தாழ்ந்திருந்த கிளை மேலே எழும்பி மற்றக் கிளைகளோடு சேர்ந்திருந்தது. எது அந்தக் கிளை என்று றொஹானாலேயே சொல்ல முடியவில்லை.

டோரின் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பையைத் தட்டில் கவிழ்த்தார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஒரு சிவப்பு உருண்டையை எடுத்தார்.

"ஒண்டுக்கும் கவலைப்படாதீங்க. இருந்த மாதிரியே வச்சிடுவம். இது எங்க இருந்தது? இங்கயா?"

அவர் காட்டியது மரத்தின் நடு. எத்தனையோ வருஷம் வத்தளைக் கோவிலில் பாலன் குடில் சோடித்த கை. இடைவெளி பார்த்து, நிறம் மாற்றி, பெரியதைக் கீழும் சிறியதை மேலுமாகக் கொளுவத் தொடங்கியிருந்தது.

"ஓம்," என்றான் றொஹான்.

"இந்த நீலம்?"

"ஓம். அங்கதான்."

மரம் சுற்றிவர நிறைந்தது. பின்பக்கமும் நிறைந்தது. வெள்ளி மட்டை நட்சத்திரங்களை டோரின் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து வந்து மேடையோடு போட்டார். செருப்பைக் கழற்றினார்.

"மம்மி, விழுந்திடுவீங்க."

"பிடிச்சுக்கொள்ளுங்க."

அவர் ஏறினார். பல்கனியிலிருந்து ஸ்ரனிஸ்லாஸ் எட்டிப் பார்த்து, "சரியாம், ஹோலிலயே வைக்கிறாங்களாம். வீட்டுக்கு வராது," என்றான்.

டோரின் குதிகாலைத் தூக்கி, மரத்தின் உச்சிக்குக் கையை நீட்டினார். டில்ஷானியின் கை ஒரு நாளும் போகாத உயரம்.

"இங்கதானே, மகன்?"

"ஓம் மம்மி."

கதிரையின் ஒரு கால் சற்றுக் கட்டை. டோரின் எம்பும்போதெல்லாம் அது ஆடியது. றொஹான் இரண்டு கைகளாலும் அதன் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருடைய வெடித்த குதிகால்களைப் பார்த்தபடி நின்றான்.