கண்ணுச்சாமி வீட்டுக்கு எதிரே

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தாலுகா ஆபீஸுக்குப் போன இடத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் எங்காவது நான் கற்பனை செய்யும்போது உங்களுக்கு அடையாளம் தெரியும்.

அப்பா போன கார்த்திகையில் இறந்தார். வாடிப்பட்டியில் அவர் பேரில் பதினைந்து சென்ட் நிலம் இருந்தது. எங்களுக்கு அந்த ஊரில் உறவு கிடையாது. அங்கே போய் ஏன் வாங்கினார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. பட்டா மாற்ற மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். நிலம் எந்தப் பக்கம் என்று கேட்க ஒரு டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் பெயர் சோணை.

"முத்திருளனா? அப்படி யாரும் இங்கிட்டு இல்லையேம்மா."

அப்பாவை விவரித்தேன். உயரமாக, ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு இருப்பார்.

"அட, நம்ம ஞாயித்துக்கிழமைக்காரரு! ஆளக் காணமே, ஒடம்புக்கு என்ன?"

சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, என்னை வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"இதே எடத்துலதான் உக்காருவாரு. ரெண்டு டீ குடிப்பாரு. யாருட்டயும் ஒரு பேச்சு கெடையாது. அந்தா, அந்த வீட்டையே பாத்துக்கிட்டிருப்பாரு. அப்பறம் பஸ் ஏறிப் போயிருவாரு."

சாலைக்கு அந்தப் பக்கம் காலனி தொடங்குகிறது. அதன் முதல் வீட்டைத்தான் காட்டினார்.

2

இதை எழுத மூன்று தொடக்கங்கள் முயன்றேன்.

"முத்திருளன் தன் குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனிதர்." அடித்துவிட்டேன். அது கருமாதிப் பத்திரிகையில் போடுகிற வாக்கியம்.

"முத்திருளன் ஒரு பொய்க் கையெழுத்தின் மேல் வீடு கட்டினார்." இதையும் அடித்தேன். பொய்யில்லைதான். ஆனால் அந்த வீட்டின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டு மின்விசிறிக்குக் கீழே, இதை எழுத எனக்கு...

சரி, மூன்றாவது. "1976 ஐப்பசியில் ஆரப்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டின் சுவர் இடிந்து விழுந்தது." இது நிற்கட்டும்.

அந்தச் சுவர் நான் படுக்கிற பாயின் மேல் விழுந்தது. எனக்குப் பத்து வயது. அன்றைக்கு நான் அம்மாச்சி ஊரில் இருந்தேன். மறுநாள் திரும்பி வந்தபோது அப்பா மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தார். அடிபடாத தலையை, அடிபட்டிருக்கிறதா என்று தேடுவதுபோல்.

அதற்குப் பிறகுதான் அப்பா சேமிக்கிற மனிதரானார். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார். போக வர சைக்கிள்தான். பஸ் காசு மிச்சம். வெளியே டீ குடிப்பதை விட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று வரி எழுதி வைத்தார்: சொந்த வீடு. ஜெயக்கொடி காலேஜ் படிக்க வேண்டும். ஐம்பது வயதுக்குள் சொந்தமாக ஒரு லேத். ஜெயக்கொடி நான்தான். முதல் இரண்டும் எங்களுக்கு. மூன்றாவதுதான் அவருக்கு.

ஒருமுறை அம்மா கேட்டாள். "இம்புட்டு வயித்தக் கட்டிச் சேத்து என்னத்தக் காணப் போறோம்?"

"பிள்ள தூங்கையில அப்பன் முழிச்சுக் கெடக்கக் கூடாது சுந்தரம். அதுக்குத்தான் சம்பாதிக்கிறது. அம்புட்டுத்தான்."

(இந்த வசனத்தை நான் அழகாக்கவில்லை. அவர் சொன்னது இப்படியேதான். வசனம் நன்றாக இருந்தால் நான் எழுதியது என்று நினைக்கிறார்கள். பத்திரிகைகளில் ஐந்தாறு கதை வந்ததன் பலன் இது.)

3

இனி கண்ணுச்சாமி. அந்த டீக்கடைக்கு எதிர்வீட்டுக்காரர்.

அவரைப் பட்டறையில் சேர்த்துவிட்டது அப்பாதான். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினில் வேலை. வாரம் முழுக்கக் கப்பலூரிலேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வாடிப்பட்டிக்குப் போவார். எங்கள் ஆட்களை 'அண்ணே' என்று அவர் தன் ஊரில் கூப்பிட்டுவிட முடியாது. பட்டறையில் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார். அப்பாவும் 'என்னடா தம்பி' என்பார். மத்தியானம் இருவரும் ஒரே மரத்தடியில் சாப்பிட்டார்கள் என்று அம்மா சொன்னாள்.

1979 புரட்டாசியில் அந்த பிரஸ்ஸில் கிளட்ச் சரியாக விடுபடாமல் போனது. ஓர் அடி அடித்து நிற்க வேண்டிய மெஷின், சில சமயம் தானாக இரண்டாவது அடியும் அடித்தது. அப்பா முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னார். தீபாவளி ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம் என்றார் முதலாளி. நாலாம் நாள் இரண்டாவது அடி விழுந்தது. கண்ணுச்சாமியின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

நஷ்ட ஈட்டு விசாரணை வந்தது. அதில் முதலாளிக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. 'மெஷின் நல்ல நிலையில் இருந்தது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பாதுகாப்புத் தடுப்பைக் கண்ணுச்சாமியே கழற்றி வைத்தார். நான் பார்த்தேன்.' அதன் கீழே அப்பா கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஒரு கதாசிரியர் என்ன செய்ய வேண்டும்? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா தயங்குவதை ஒரு பத்தி எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். வியர்வை, முதலாளி அறைக் கடிகாரம், என் முகம் அவர் நினைவில் வந்துபோவது. எல்லாம் நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். அவர் தயங்கினாரா என்று எனக்குத் தெரியாது. தயங்கியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசையைச் சாட்சியாக எழுதினால் நானும் அதே கையெழுத்தைப் போட்டதாக ஆகும்.

தெரிந்தது இவ்வளவுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. என்ன என்று அம்மா கேட்டதற்கு, "கோச்சடையில மனை ஒண்ணு பாத்திருக்கேன்" என்றார்.

அடுத்த மாதம் அவர் ஃபோர்மேன் ஆனார்.

4

வீடு 1981 தையில் முடிந்தது. ஒன்றேகால் அடி அகலச் சுவர், இரும்பு கேட், ஜன்னலுக்கெல்லாம் கம்பி. அஸ்திவாரம் தோண்டும்போது அப்பாவே குழிக்குள் இறங்கி ஸ்கேலை வைத்து ஆழம் பார்த்தாராம். கொத்தனார்கள் சிரித்தார்கள்.

கிரகப்பிரவேசத்துக்குப் பட்டறையில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் பத்திரிகை வைத்தார். அப்பா காலையிலிருந்து புது வேட்டியோடு கேட்டில் நின்றார். உறவுக்காரர்கள் வந்தார்கள், தெருக்காரர்கள் வந்தார்கள். முதலாளி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தனுப்பினார். பட்டறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பந்தி முடிந்து, அம்மா கூப்பிட்டும், அவர் மூன்று மணி வரை கேட்டிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, "பஸ் கெடச்சிருக்காது" என்றார்.

(அந்தக் கேட்டில் அவரோடு நானும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். எனக்குப் பதினைந்து வயது, புதுப் பாவாடை தாவணி. மொட்டை மாடியில் தோழிகளுக்கு வைகையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.)

நான் காலேஜ் சேர்ந்தேன். நோட்டின் இரண்டாவது வரியும் முடிந்தது. 1984இல் முதலாளி ஒரு பழைய லேத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முன்வந்தார். அப்பா கையில் பணம் இருந்தது. வாங்கவில்லை. அம்மா ஒரு வாரம் சண்டை போட்டாள்.

"ஆயுசு பூரா அதத்தான கேட்டீக? இப்ப வேணாம்னா என்ன அர்த்தம்?"

"எனக்குக் கீழ ஒருத்தன் நின்னு வேல பாக்க வேணாம்."

அந்தப் பணத்தில்தான் வாடிப்பட்டி நிலத்தை வாங்கினார். வெறும் கரடு. ஒரு வேலிகூடப் போடவில்லை. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, "நெலத்தப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். யாராவது கேட்டால் சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பதினைந்து சென்ட் காரணம்.

வீட்டில் அவர் யாரோடும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ராத்திரி ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்ப்பார். அப்புறம் போய்ப் படுப்பார். தூங்கினாரா என்று நாங்கள் கேட்டதில்லை.

5

டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நான் சாலையைக் கடந்தேன். இருபதடி இருக்கும்.

கண்ணுச்சாமியின் மனைவி மலையம்மாள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறுமனே நின்றேன். நான் யார் என்று சொன்னதும் அப்படி யாரையும் தெரியாது என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அப்பா இல்லையா?" என்றார். இல்லை என்றேன். கையில் இருந்த புளியைக் கூடையில் போட்டார்.

பிறகு உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்தார். விசாரணையின் நகல். அப்பாவின் கையெழுத்தை உடனே தெரிந்துகொண்டேன். என் ராங்க் கார்டுகளில் எல்லாம் அதுதான்.

"இது தெரியாம இத்தன வருசம் இருந்தியாக்கும்?"

"தெரியாதுங்க."

"ஆஸ்பத்திரில கட்டு பிரிக்கிற வரைக்கும் இவுக, அண்ணே வருவாரு, அண்ணே வருவாருன்னுதான் கெடந்தாக. அப்பறம் இந்தக் காயிதத்த வாசிச்சுக் காமிச்சாக."

"அப்பா இங்க வந்தப்ப நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம? ஒவ்வொரு வாட்டியும் பாப்போம். இவுக உள்ள கதவோரமா உக்காந்துக்கிருவாக. அவரு பஸ் ஏறுற வரைக்கும் சோறு திங்க மாட்டாக."

"ஒரு தடவகூடக் கூப்பிடலையா?"

மலையம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கூப்புட்டா மன்னிச்சதா ஆயிரும்ல தாயி? அதும்போக, அந்தப் பெஞ்சுக்கு எங்காளு போயி உக்கார முடியாது பாத்துக்க. அவருதான் எந்திரிச்சு வரணும். நாலு எட்டு. வரலையே."

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "தெரிஞ்சு என்னயச் செய்யச் சொல்ற? அந்தச் செவரு விழுந்தன்னைக்கு நீ ஊர்ல இருந்திருந்தா?" என்றாள். இதற்கு எந்த இடத்திலும் என்னால் பதில் எழுத முடியவில்லை. அதனால் பதில் இல்லாமலே விட்டிருக்கிறேன்.

6

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

முதல் முடிவில் அப்பா எழுந்து சாலையைக் கடக்கிறார். கண்ணுச்சாமி கதவைத் திறக்கிறார். "என்னடா தம்பி" என்று அப்பா தொடங்கி...

இல்லை. அவர் கடக்கவில்லை. நான்கு வருஷம் வந்தார், கடக்கவில்லை.

இரண்டாவதில், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறார். இதுவும் நடக்கவில்லை. கடைசியாக அவர் என்னிடம் சொன்னது, "கேட்டப் பூட்டிட்டு வந்தியா பாப்பா?" அதற்கு நான், "பூட்டிட்டேன்ப்பா" என்றேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. அது வாடிப்பட்டியிலேயே, நான் போன அன்றைக்கே நடந்தது.

7

நான் கிளம்புகிற நேரத்தில் கண்ணுச்சாமி ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. இடது கையில் கம்பு. வலது கை துண்டுக்குள். நரைத்திருந்தார்.

"முத்திருளண்ணன் மக" என்றார் மலையம்மாள். "அவரு தவறிட்டாராம்."

ஆடுகள் தாமாகவே கொட்டத்துக்குள் போயின. அவர் எதிரே இருந்த பெஞ்சைப் பார்த்தார். அதில் வேறு யாரோ உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நானும் பாத்தேன்" என்றார். "கார்த்திகையிலருந்து ஆளக் காணம். சரி, மழைக்காலமேன்னு நெனச்சேன். அப்பறம் தையும் போச்சு."

பிறகு என்னிடம் திரும்பினார்.

"பாப்பா, என்னயப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"சொன்னாரு" என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. நான் சொன்ன உடனே அவர் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தார். அதைக் கேட்பதற்காகவே உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

எனக்கு எழுதத் தெரியும். யாருக்கு வேண்டுமானாலும் வசனம் எழுதுவேன். அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. மன்னிப்பு என்று தொடங்கினால் அப்பா வாயில் அது நிற்கவில்லை. வேறு எதையாவது சொன்னால் கண்ணுச்சாமிக்குப் போதவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"சரி பாப்பா" என்று மெதுவாக எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. யோசிச்சு வையி. அடுத்தவாட்டி வாரப்பச் சொல்லு."

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. பட்டா இன்னும் மாறவில்லை, நான் வாடிப்பட்டிக்கும் போகவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக இருக்கலாம், அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி எதிலாவது கையெழுத்தும் போட்டிருக்கலாம். அந்த வாக்கியம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொய்யாக இல்லாமல், அவர் உட்கார்ந்து கேட்கத் தகுந்ததாக இருந்தால், அதை இங்கே கீழே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.