கோதுமை மாவிளக்கு

விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மூக்காயியின் முகத்தைப் பார்த்ததும் கங்காணி காளிமுத்து இரண்டடி பின்வாங்கினார். அவள் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. உதடு வீங்கிக் கிடந்தது. "முத்துப் போட்டிருக்கு!" என்று தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நேற்றுவரை நாயை விரட்டுவதுபோல் அவளை விரட்டிய மனுஷன், அம்மை என்றதும் கைகூப்பி நின்றார்.

"ஆத்தா இல்லீங்க ஐயா. கோதும மாவுதான். ரொட்டி தின்னாத்தான் இப்பிடி வருது. சோறு தின்னப்ப வந்ததே இல்லீங்க."

"ஊரு சனமே திங்குது. ஒனக்கு மட்டும் ஒத்துக்கலையா? ஆத்தா மேல பழியப் போடாத!"

மழையில் பாதை சரிந்து, அரிசி வண்டிகள் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வரமுடியாமல் நின்றுவிட்டன. கிடங்கில் இருந்த கோதுமை மாவைப் பங்கிடச் சொன்னார் கோப்பித் தோட்டத்துத் துரை. இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோப்பி பழுத்து உதிர்கிற நேரம், ஆள் பட்டினி கிடந்தால் பழம் பறிப்பது யார்?

முதல் ரொட்டியில் மூக்காயிக்கு நாக்கு அரித்தது. அடுத்ததில் உடம்பெல்லாம் அரித்தது, அட்டைக்கடி என்று நினைத்தாள். அதற்கடுத்த முறை யாரோ தொண்டையில் விரல் வைத்து அழுத்துவதுபோல் இருந்தபோதுதான் புரிந்தது. கூலிகளின் வரிசை வீடான லயத்தில், பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த பாப்பம்மாவிடம் ரொட்டியைக் கொடுத்து, அவித்த பலாக்காய் வாங்கித் தின்றாள். உடம்பு சும்மா இருந்தது. பலாக்காயும் தீர்ந்தது. பட்டினியில் பால் வற்றிப் பிள்ளை வீறிட்டபோது, இன்று விடியலில் வேறு வழியில்லாமல் அரை ரொட்டி தின்றுவிட்டு வந்திருந்தாள்.

அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளையைப் பாப்பம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஓடைக்கு அப்பால் இருந்த குடிசையில் அவளை விட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். பாறைமேல் அவித்த கிழங்கை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். உச்சி வெயிலுக்குள் தடிப்பெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அம்மை அரை நாளில் இறங்குமா என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கங்காணி நேர்ந்துகொண்ட மாவிளக்குக்குத்தான் ஆத்தா மனமிரங்கினாள் என்று லயமே பேசிக்கொண்டது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அவள் அங்கேயே கிடந்தாள். பிள்ளை ஓடைக்கு அந்தப் பக்கம் அழும். மாரில் பால் கட்டி வலிக்கும். கிழங்கைத் தின்று ஊறிய பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். அப்போதெல்லாம் அவளுக்கு ஆத்தா மேல் வராத கோபம் கங்காணி மேல் வந்தது.

தண்ணீர் ஊற்றியானதும் பாப்பம்மா தாம்பாளத்தோடு வந்தாள். வெல்லம் போட்டுப் பிசைந்த மாவில் குழி செய்து, நெய்த்திரி ஏற்றியிருந்தது. எப்போதும் பச்சரிசி மாவில் செய்வது. அரிசிக்கு எங்கே போவார்கள்? திரி அணைந்ததும் முத்துப் போட்டவள் முதலில் தின்ன வேண்டும். தின்றால்தான் ஆத்தா இறங்கினதாக அர்த்தம், லயத்துக்குள் கால் வைக்கலாம்.

"நான் சொல்லிப் பாத்தேன்டி. கேக்கல," என்று பாப்பம்மா காதோரம் குனிந்தாள். "முழுங்காத. கடவாயில ஒதுக்கிக்க."

லயத்துப் பெண்களோடு பின்னால் வந்த கங்காணியின் கையில் பிள்ளை இருந்தது. மெலிந்து, அழத் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்து கிடந்தது.

"இந்த மாவுதான் ஐயா என்னக் கொல்லுது. ஒருவாட்டி நம்புங்க."

"ஆத்தா சோத்த வேணாம்னு சொல்றியா? அப்ப அவ இன்னும் ஒன்னவிட்டு எறங்கல. புள்ளயத் தரமாட்டேன்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். திரி அணையும்வரை பார்த்தாள். பிறகு ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

"முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டு."

விழுங்கினாள். காட்டினாள்.

பிள்ளையை வாங்கி, சேலைக்குள் இழுத்து மாரில் சேர்த்தாள். அது முட்டிமுட்டிக் குடித்தது. குலவை இன்னும் ஓயவில்லை. நாக்கு நுனியில் அரிப்புத் தொடங்கியது. பாப்பம்மா மட்டும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்காயி சட்டென்று குனிந்து, முகத்தைப் பிள்ளையின் தலைமுடிக்குள் புதைத்துக்கொண்டு, நிமிராமலே லயத்தை நோக்கி நடந்தாள்.